வெள்ளிக்கிழமை உறை

பல்லி மேலே விழுந்தால் வீட்டையே இரண்டாக்குகிற பால்துரையின் இடுப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி வந்து சேர்ந்தது. ராஜபாளையத்தில் இதைக் கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவள் அவன் மனைவி தேவகிருபை ஒருத்திதான்.

பால்துரை, சுப்புராஜின் பருத்தி அரவை ஆலையில் காசாளன். பருத்தி விதைக்கிற சம்சாரிகளுக்கு ஊர் ஊராகப் போய் முன்பணம் கொடுப்பது, பருத்திக்கொட்டை வாங்கின கடைக்காரர்களிடம் பணம் வசூலித்து வருவது, இரண்டும் அவன் வேலை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது அவனுக்குப் பழமொழி இல்லை, பிழைப்பு. அந்த வருஷம் பயம் ரொம்பவே கூடிப்போனது. சீமையில் சண்டை மூளும், மூளாது என்று பேப்பர் படிக்கிறவர்கள் டீக்கடையில் அடித்துக்கொண்டிருந்த காலம். இங்கே வத்திராயிருப்புச் சாலையில் வேறொரு ஆலையின் பணவண்டியை மறித்து, காசாளனின் கையில் வெட்டிவிட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். சுப்புராஜ் நல்ல மனுஷர். வெட்டுப்பட்டவனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. தம் தகப்பனார் வைத்திருந்த ரிவால்வருக்கான லைசென்ஸில் பால்துரையின் பெயரையும் சேர்க்க எழுதிப் போட்டார். உத்தரவு வந்ததும் அதை அவன் கையில் கொடுத்துவிட்டார்.

“வேலியில போற ஓணானப் பிடிச்சு மடியில விட்டுக்கிட்டு வந்திருக்கீகளே, நல்லா இருக்கா?” என்றாள் தேவகிருபை.

“ஏட்டி, நான் யாரச் சுடப்போறேன்? இடுப்புல கெடக்கும். பாக்கிறவன் பயந்துக்கிடுவான். அம்புட்டுத்தான்.”

“பாக்கிறவன் பயப்படுறது இருக்கட்டும். இது உங்களச் சுட்டுப்புடாதுல்ல?”

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை குட்டி இல்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரு தையல் மெஷினும் இந்த மனுஷனும்தான். மெஷினுக்கு எண்ணெய் விட்டால் போதும். மனுஷன் சாயங்காலம் முழுசாக வீடு திரும்ப வேண்டும். அதைத் தவிர அவள் கர்த்தரிடம் வேறெதையும் கேட்டதில்லை.

துப்பாக்கியோடு வந்த பழைய உறை எதற்கும் ஆகாது. வேறு ஏதோ பெரிய துப்பாக்கிக்குத் தைத்தது. அதற்குள் இது மொச்சை நெற்றில் பருப்பு உருள்கிற மாதிரி உருண்டது. துப்பாக்கியைக் காட்டிப் பதிந்துவர ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனபோது தேவகிருபையும் கூடவே கிளம்பிவிட்டாள். அங்கே போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு கண்ணுச்சாமி அந்த உறையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“உறைன்னா என்னன்னு நெனச்சீக? இது தலகாணி உறை இல்லய்யா. துப்பாக்கி ஆளக் கொல்லுறதவிட உறைதான் நெறைய ஆளக் கொன்னிருக்கு. நல்லாக் கேட்டுக்கிடுங்க. விசை வெளிய தெரியக் கூடாது, உறை அத முழுசா மூடியிருக்கணும். தலகீழாக் கவுத்து உலுக்குனாலும் துப்பாக்கி விழக் கூடாது. இது ரெண்டு. மூணாவதுதான் முக்கியம். துப்பாக்கிய உருவுன பொறவும் உறையோட வாய் தொறந்தபடியே நிக்கணும். வாய் தொவண்டு சுருங்குச்சுன்னு வையி, திரும்பச் சொருகையில அந்தச் சுருக்கம் உள்ள மடங்கி, விசைய இழுத்துப்புடும். தொடையில வெடிக்கும். மத்ததெல்லாம் மறந்தாலும் இத மறந்துறாதீக.”

பால்துரை ‘சரிங்க, சரிங்க’ என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். மனதில் வாங்கிக்கொண்டவள் தேவகிருபை.

ஏட்டு சொன்ன கருத்தையாவின் கடை தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. வண்டிமாட்டு வார், போலீஸ்காரர் பெல்ட்டு எல்லாம் அங்கேதான். கருத்தையா இரண்டு தோலை எடுத்துப் போட்டார். ஒன்று மெத்தென்று வழுவழுப்பாக இருந்தது. இன்னொன்று பலகை போல விறைத்துக் கிடந்தது. பால்துரையின் கை மெத்தென்ற தோலுக்குத்தான் போனது. இடுப்பில் உறுத்தாதாம்.

“உறுத்தட்டும்” என்றாள் அவள். “உறுத்துனாத்தான் அது இருக்கிற ஞாபகம் இருக்கும். அந்த வெறைச்ச தோலுலயே தையுங்கண்ணே.”

உறை தயாரானதும், குண்டு இல்லாத துப்பாக்கியை அதில் வைத்து அவளே கவிழ்த்து உலுக்கிப் பார்த்தாள். விழவில்லை. உருவிவிட்டு வாயைப் பார்த்தாள். கிணற்று வாய் மாதிரித் திறந்தே நின்றது. ஒரு முறை போதாதென்று கடைவாசலிலேயே திரும்பத் திரும்ப வைத்து வைத்து எடுத்தாள். தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். “துப்பாக்கி உனக்கா எனக்கா?” என்று பால்துரை பல்லைக் கடித்தான். அன்று வீடு திரும்புகிற வழியெல்லாம் அவள் மனது லேசாக இருந்தது.

கதை அந்த இடத்தில் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் எந்த நல்ல காரியத்துக்கும் குறுக்கே ஒரு வழக்கம் படுத்திருக்கும்.

சுப்புராஜின் ஆலையில் பணம் இருக்கிற அறையில் இரும்புப் பெட்டிக்கு மேலே லட்சுமி படம், அணையாத விளக்கு. அந்த அறைக்குள் தோல் போகக் கூடாது. செருப்பு வாசலோடு. பெல்ட்டு போட்டவன் பெல்ட்டையும் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். லட்சுமியைக் கும்பிடாத வேதக்காரனான பால்துரைக்கும் அதேதான். அவனுக்கு அதில் வருத்தமும் கிடையாது. வெளியூருக்குப் போகிற பணப்பை காலையில் படத்தின் காலடியில் இருக்கும். கொண்டுபோகிறவன்தான் தன் கையால் அதை எடுக்க வேண்டும். இன்னொருவன் எடுத்துக் கொடுத்தால் விளங்காது. வெள்ளிக்கிழமை மட்டும் பணம் வெளியே போகாது. லட்சுமியை வெள்ளிக்கிழமை வெளியே அனுப்பலாமா? அன்றைக்கு வசூல் மட்டும்தான். வருகிற லட்சுமியைச் சுப்புராஜ் வாசலுக்கே வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். ஆகையால் வெள்ளிக்கிழமை பால்துரை வீட்டிலிருந்து நேரே வசூலுக்குப் போவான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, பையை ஆலை வாசலில் கொடுத்துவிட்டு வருவான்.

வெள்ளிக்கிழமைக்குச் சிக்கல் இல்லை. மற்ற நாள்தான் வம்பு. தினமும் காலையில் ஆலை வாசலில் துப்பாக்கியை உருவ வேண்டும், உறையைக் கழற்றி ஆணியில் மாட்ட வேண்டும், துப்பாக்கியை வாசலில் போட்டுவிட்டுப் போக முடியாததால் வேட்டி மடியில் சொருகிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஒரு நாள் பையை எடுக்கக் குனிந்தபோது மடி அவிழ்ந்தது. லட்சுமி படத்துக்கு முன்னால் துப்பாக்கி ‘டங்’ என்று விழுந்தது. வெடிக்கவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். ஆலை முழுக்க ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

“ஏமி பால்துரை, உங்க வீட்டுல தையல் மெஷின் இருக்குல்ல? துணியில ஒரு உறை தச்சுப் போட்டுக்கிட்டு வந்துரு. துணிக்குத் தோஷமில்ல” என்றார் வீட்டில் தெலுங்கு பேசுகிற சுப்புராஜ்.

அவன் சிரித்துக்கொண்டே வந்து சொன்னான். மடி அவிழ்ந்த கதையைக் கேட்ட தேவகிருபை கையிலிருந்த தையலை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். அன்றைக்கே காக்கி டிரில் துணி வாங்கி வந்தாள். கருத்தையாவின் தோல் உறையைக் காகிதத்தில் வைத்து வரைந்து, அதே அளவில் நாலு மடிப்பாக வெட்டி, நெருக்கு நெருக்கென்று தையல் ஓட்டினாள். மூடிக்குப் பித்தளைப் பொத்தான் வைத்தாள். விசை மறைந்தது. கவிழ்த்தால் விழவில்லை. வாய்தான் நிற்கவில்லை. துப்பாக்கியை உருவியதும் உறை சோர்ந்துபோய்த் தொங்கியது.

அதற்கு அவளுக்குத் தெரிந்த வைத்தியம் கஞ்சி. மிஷன் போர்டிங்கில் படித்த நாளில் வெள்ளைக்கார அம்மாமார் உடுப்புக்குக் கஞ்சி போட்டுப் பழகிய கை அது. கிருபை கஞ்சி போட்ட வேட்டி ஆள் இல்லாமலே நடக்கும் என்று வேதக்கோயிலில் பெண்கள் கேலி பேசுவார்கள். அரிசியைக் குழையக் காய்ச்சி, கெட்டியாக வடித்து, உறையை அதில் ஊறவைத்தாள். உள்ளே ஒரு மரக்கட்டையைச் செருகி வெயிலில் காயவைத்து, கரி இஸ்திரிப்பெட்டியால் அழுத்தித் தேய்த்தாள். காய்ந்ததும் மறுபடியும் ஒரு கஞ்சி. கட்டையை உருவினாள். தகர டப்பா மாதிரி நின்றது. விரலால் தட்டினால் சத்தம் வந்தது.

அப்படியும் அவள் தன் கண்ணை நம்பவில்லை. நூல்கண்டு வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாக்கில் பால்துரையையும் இழுத்துக்கொண்டு ஏட்டிடம் போய்க் காட்டினாள். ஏட்டு கவிழ்த்தார், உலுக்கினார், உருவினார், வாயை அமுக்கிப் பார்த்தார்.

“அட, தோலு தோத்துச்சு போ! என்ன துணிம்மா?”

“மில் டிரில்லுதான் ஏட்டையா. நாலு மடிப்பு.”

“பேஷ். இதையே கட்டிக்கிடலாம்.”

கஞ்சி போட்டிருக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. மறைத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். குழம்பு நன்றாயிருக்கிறது என்றால், உப்புப் போட்டேன் என்றா ஒருத்தி சொல்லுவாள்?

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தோல் உறை, மற்ற நாள் துணி உறை. சனிக்கிழமை ஆலையில் கணக்கு எழுதுவதோடு சரி, துப்பாக்கிக்கு வேலை இல்லை. அன்றைக்குப் பால்துரையின் சட்டை வேட்டியோடு துணி உறையும் துவைத்து, கஞ்சி குடித்து, கொடியில் காயும். தோல் உறைக்கு மாதம் ஒரு தரம் விளக்கெண்ணெய் தடவி ஆணியில் மாட்டிவிடுவாள். பத்து மாசம் இப்படியே ஓடியது. துப்பாக்கி ஒரு தரம்கூட வெளியே வரவில்லை. தேவகிருபைக்கு மெல்ல மெல்லப் பயம் விட்டுப்போனது. பயம் விட்டுப்போவதைப் போலப் பொல்லாதது வேறில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து சோவென்று ஊற்றியது. சுந்தரபாண்டியத்துக் கடைகளில் கொட்டைப் பணம் வாங்கப் போக வேண்டிய நாள். வண்டிக்காரன் குருசாமி மாட்டைப் பூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். பால்துரை வழக்கம் போல ஆணியில் தொங்கிய தோல் உறைக்குக் கை நீட்டினான்.

“இந்த மழையில தோலையா கட்டிக்கிட்டுப் போறீக?” என்றாள் தேவகிருபை. “தோலு நனைஞ்சா வீணாப் போயிரும். துணியக் கட்டிக்கிடுங்க. நனைஞ்சா நாளைக்குத் தொவைச்சுப் போட்டுர்றேன்.”

“வெள்ளிக்கெழமைல்லட்டி இன்னைக்கு?”

“மழைக்கு வெள்ளி என்ன, வியாழன் என்ன? கருத்தையாண்ணன் எம்புட்டு அழகாத் தச்சுக் குடுத்தது, பூஞ்சணம் பிடிச்சுப்போச்சுன்னா?”

அவள் சொன்னதில் என்ன பிழை? தோலை நனைய விடக் கூடாது என்பது மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். துணி நனைந்தால் துவைத்துக்கொள்ளலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். அவன் இடுப்பில் துணி உறையைக் கட்டி, துப்பாக்கியை வைத்ததும், மூடியின் பித்தளைப் பொத்தானை அவளே போட்டுவிட்டாள்.

“போயிட்டு வாரேன்” என்று குடையை விரித்தான். குடைக்குள் ஒழுகியது. “குடைக்கும் ஒரு உறை தச்சுக் குடுட்டி” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான்.

சாயங்காலம் சுப்புராஜின் கார் வாசலில் வந்து நின்றபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். முதலாளி மழையில் நனைந்துகொண்டே இறங்கினார். “அம்மா, பதறாத. பால்துரைக்குக் கால்ல அடி. வில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில இருக்கான். ஏறு, போவோம்” என்றார். சொன்னவர் கார் கதவைத் தாமே திறந்து பிடித்தார். அதைப் பார்த்ததுமே அது சின்ன அடி இல்லை என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் பால்துரை வெளுத்துக் கிடந்தான். குண்டு தொடையில் புகுந்து கீழ்நோக்கிப் போயிருந்தது. வழியெல்லாம் இரத்தம். டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். ஏட்டு கண்ணுச்சாமி அவன் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டு அப்போதுதான் வெளியே போனார்.

தேவகிருபை அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

“உறையிலதான வச்சிருந்தீக?”

பால்துரை அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு, “இல்லட்டி” என்றான். “உறை நனைஞ்சு இடுப்புல உறுத்துச்சு. உருவி மடியில சொருகிக்கிட்டேன். வண்டி குலுங்குனதுல வெடிச்சுருச்சு.”

அவளுக்கு அழுகையும் ஆங்காரமும் சேர்ந்து பொங்கியது. “நான் எம்புட்டுப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்! கண்ணு பூத்துப்போகத் தச்சுக் குடுத்தேனே, அத விட்டுட்டு ஓணானக் கொண்டுபோயி மடியில விட்டீகளே! உறையில வச்சிருந்தா இப்படி வந்து கெடப்பீகளா? நான் சொல்ற ஒரு சொல்லாவது உங்களுக்கு ஏறுமா?”

“ஏசு, நல்லா ஏசு” என்றான் அவன். உதடு சிரித்தது. “எம்மேலதான்ட்டி தப்பு. உன் உறையில ஒரு குத்தமும் இல்ல. இனிமே உன் உறையிலதான் வைப்பேன், போதுமா?”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் மேல் போர்வையை இழுத்துவிட்டாள். சற்று நேரத்தில் அவன் கண்ணை மூடினான். தூங்கட்டும் என்றுதான் அவளும் நினைத்தாள். விடிகிற நேரத்தில் மூச்சு நின்றுபோனது. அவனிடம் அவள் கடைசியாகப் பேசின பேச்சு அந்த ஏச்சுத்தான்.

காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. உடலை ராஜபாளையத்துக்குக் கொண்டுபோகக் குருசாமியின் வண்டியே வந்து நின்றது. சுப்புராஜ் சுவரோரம் நின்று மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். ஏட்டு கண்ணுச்சாமிக்கோ கோபம். செத்தவன் மேல் வந்த கோபம்.

“இந்தக் கையாலதான பாத்துக் குடுத்தேன்? அம்புட்டு நல்ல உறைய வச்சுக்கிட்டு மடியில சொருகியிருக்கான் பாருங்க. படிச்ச மனுஷன் பண்ற வேலையா இது? அநியாயமா உசுர விட்டுட்டானே!”

வண்டியில் இரத்தம் பட்ட வைக்கோலை அள்ளிப்போட்டுப் புது வைக்கோல் பரப்ப வேண்டியிருந்தது. குருசாமி தயங்கித் தயங்கி அள்ளினான். ஒரு பக்கத்து வைக்கோலைத் தொடாமலே விட்டான். அது ஏன் என்று பார்க்காமல் தேவகிருபை தானே கையை விட்டு அதை இழுத்தாள். கையோடு காக்கித் துணி ஒன்று வந்தது.

அவள் தைத்த உறை. ஈரத்தில் துவண்டு, கரித்துணி போலத் தொங்கியது. அடிப்பக்கம் சுண்டுவிரல் நுழைகிற அளவு ஓட்டை. ஓட்டையைச் சுற்றித் துணி கருகியிருந்தது.

உறைக்குள் இல்லாத துப்பாக்கி உறையை எப்படிச் சுடும்?

“குருசாமி” என்றாள்.

குருசாமி அங்கேயே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். “ஓடையில வீசச் சொன்னாகம்மா. எனக்கு மனசு வரல. அவுக ரெத்தம்லா அதுல இருக்கு. அம்மாட்ட மட்டும் சொல்லிறாதன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினாக.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். வசூல் முடிந்து திரும்புகையில் ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது. வண்டிச்சக்கரம் சேற்றில் இறங்கிக்கொண்டது. கொட்டுகிற மழையில் எதிர்க்கரையிலிருந்து ஐந்தாறு பேர் கம்போடு இறங்கி வந்தார்கள். தலையிலிருந்து இடுப்பு வரை சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்ததால் ஒருத்தன் முகமும் தெரியவில்லை. வத்திராயிருப்புச் சாலைச் சம்பவம் நினைப்புக்கு வந்ததும் பால்துரை துப்பாக்கியை உருவி, அதன் பின்னால் குதிரை என்கிற சுத்தியையும் இழுத்து நிறுத்திவிட்டான். இனி விசையை லேசாகத் தொட்டாலே வெடிக்கும். வந்தவர்கள் கம்பைப் போட்டுவிட்டுக் கைகளைத் தூக்கினார்கள். “ஐயா, சுட்டுப்புடாதீக! சக்கரத்துக்குத் தோள் குடுக்கல்ல வாரோம்!” அக்கம்பக்கத்துச் சம்சாரிகள். அவனிடம் முன்பணம் வாங்கினவர்களும் அதில் இருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். பால்துரைக்கு வெட்கமாகப் போய்விட்டது. சிரித்துக்கொண்டே, இழுத்த குதிரையை இறக்க மறந்து, அவசரமாகத் துப்பாக்கியை உறையில் சொருகினான்.

“சொருக முடியலம்மா. உறையோட வாய் ரெண்டு பக்கமும் ஒட்டிப்போயிக் கெடந்துச்சு. நல்லா அமுக்கினாக. வெடிச்சுருச்சு. வண்டியில கெடத்தி, என் தலப்பாவ அவுத்துத் தொடையில கட்டினேன். அவுக உறையத்தான் பாத்துக்கிட்டே வந்தாக. வாய்ப்பக்கத்த விரலால தடவிப் பாத்தாக. பொறவுதான், நான் மடியில வச்சிருந்தேன்னு சொல்லுவேன், நீயும் அப்படியே சொல்லு, இத ஓடையில வீசிருன்னாக.”

தேவகிருபை உறையை ஏட்டிடம் நீட்டினாள்.

“மடியில வைக்கல ஏட்டையா. அவிய உறையிலதான் வச்சாக. நீங்க சொன்னத அவிய மீறல.”

ஏட்டு வாங்கி, வாயை விரித்துப் பிடித்தார். கையை எடுத்ததும் சுருங்கியது. மறுபடி விரித்தார். மறுபடியும் சுருங்கியது. அவருக்குப் புரியவில்லை.

“அன்னைக்குத் தகரம் மாதிரி நின்னுச்சேம்மா?”

“நின்னது துணி இல்ல ஏட்டையா. கஞ்சி.”

கண்ணுச்சாமி அவளைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. “நானும்லம்மா அமுக்கிப் பாத்தேன்” என்றார்.

“மாத்தி எழுதுங்க. அவிய அஜாக்கிரதையால செத்தாகன்னு எழுத வேண்டாம். மழையில தோலு நனையக் கூடாதுன்னு துணியக் கட்டிவிட்டது நான். எம்பேர எழுதுங்க.”

“சாகிறவன் கடைசியாச் சொன்னதும்மா. அத மாத்துறதுக்கு எனக்கு அதிகாரம் கெடையாது.” அவர் தொப்பியை மறுபடியும் தலையில் வைத்துக்கொண்டார். “உன்னக் காப்பாத்தணும்னு அந்த வேதனையிலயும் யோசிச்சிருக்காரு. அதக் கெடுக்காத தாயி.”

வண்டி ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தபோது மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. வீட்டில் கூட்டம். அடக்கம் சாயங்காலம் என்று பாதிரி ஐயர் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு ஏசம்மாள்தான் தேவகிருபையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். தெருவில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. பல்லிக்குப் பயப்படுகிறவனுக்குத் துப்பாக்கி எதற்கு, உறை இருக்கையில் மடியில் வைப்பானா ஒரு புத்தியுள்ளவன் என்று நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். ஒவ்வொன்றும் தேவகிருபையின் காதில் விழுந்தது. இதே வார்த்தையை முந்தின நாள் அவன் முகத்துக்கு நேராக அவளே சொல்லியிருக்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

சுவர் ஆணியில் தோல் உறை தொங்கியது. விளக்கெண்ணெய் மினுமினுப்பு அப்படியே இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. வாய் திறந்தபடி நின்றது.

அவள் அதை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினாள். கொட்டுகிற மழையில் துணிக் கொடிக்குப் போனாள். அன்றைக்குச் சனிக்கிழமை. துணி உறை காய்கிற இடத்தில் தோல் உறையை மாட்டினாள். மழை அதன் வாய்க்குள் இறங்கி நிரம்பி வழிந்தது.

ஏசம்மாள் பதறிப்போய் ஓடி வந்தாள். “ஏட்டி கிருபை, என்ன காரியம் பண்ற? தோலு நனைஞ்சா வீணாப் போயிரும்ட்டி!”

“போகட்டும்க்கா.”

ஏசம்மாள் கொடிப்பக்கம் போகப் பார்த்தாள். தேவகிருபை குறுக்கே நின்றுகொண்டாள். மழை விடுகிற வரைக்கும் அதை எடுக்க அவள் யாரையும் விடவில்லை.